எல்லாரும் அதைத்தான் போடுறாங்க

பைக்குக்குப் பின்னால் ஒரே ஒரு சக்கரம்தான். இந்தச் சின்ன விஷயத்தால் நம் பொறியியல் கல்லூரிப் பட்டறைகளில் வருஷா வருஷம் ஒரு வாக்குவாதம் கிளம்புகிறது. மாணவர்கள் சேர்ந்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டுகிறார்கள். எஞ்சினை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் பைக்கிலிருந்து எடுக்கிறார்கள். நம்மூர் அணிகள் பலவற்றுக்கு கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி எஞ்சின் மேல் தனிப் பிரியம். எடை குறைவு, பாகங்கள் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். எஞ்சினோடு கிளட்ச் வருகிறது, கியர்பாக்ஸ் வருகிறது, செயினும் வருகிறது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பங்குபோட்டுக் கொடுக்கும் பாகம் மட்டும் வராது. பைக்குக்கு அது தேவையே இல்லையே.

அந்தப் பாகம்தான் டிஃபரன்ஷியல். எந்த வகை டிஃபரன்ஷியலைப் போடுவது என்பது மேலுக்குப் பார்த்தால் கொள்முதல் சமாச்சாரம். நாலு கடையில் விலை கேட்டு, ஒரு அட்டவணை போட்டு முடித்துவிடலாம். ஆனால் அதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கார் கட்டாதவர்களுக்கும் அது பொருந்தும். ஒன்றை நாம் தேர்ந்தெடுத்தோம் என்று எப்போது நேர்மையாகச் சொல்ல முடியும்?

முதலில் போட்டியைப் பற்றிக் கொஞ்சம். ஃபார்முலா எஸ்ஏஇ என்ற பெயரில் 1981-இல் அமெரிக்காவில், ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இது. இன்று பல நாடுகளில் இதன் வடிவங்கள் நடக்கின்றன. இந்தியாவில் சுப்ரா எஸ்ஏஇ இந்தியா, ஃபார்முலா பாரத் என்று இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்கலாம். ஃபார்முலா பாரத் நடக்கும் இடம் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே. மொத்தம் 1000 புள்ளி. நேராக 75 மீட்டர் பாய வேண்டும். எட்டு வடிவப் பாதையில் சுற்ற வேண்டும். சுமார் 22 கிலோமீட்டர் நீள் ஓட்டத்தை நடுவில் ஓட்டுநர் மாறி முடிக்க வேண்டும். இவை தவிர, காரை ஸ்டார்ட் செய்யாமலே வாங்க வேண்டிய புள்ளிகளும் உண்டு. காரை நிறுத்திவைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று நடுவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த வடிவமைப்புச் சுற்றுக்கு மட்டும் 150 புள்ளி.

*

டிஃபரன்ஷியல் ஏன் வேண்டும் என்பதற்கு அந்த எட்டு வடிவப் பாதையே போதும். உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். கார் பாதையின் நடுவில் போகிறது என்று வைத்தால், அது சுற்றும் வட்டத்தின் ஆரம் 9 மீட்டருக்குச் சற்று மேல். பின்சக்கரங்களுக்கு நடுவே 1.2 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று முடியும்போது வெளிச்சக்கரம், உள்சக்கரத்தைவிட ஏழரை மீட்டர் கூடுதலாக உருண்டிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், வட்டம் பெரிதானாலும் அந்த ஏழரை மீட்டர் மாறாது. அதே காரில் ஆரணி ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்தாலும் வித்தியாசம் ஏழரை மீட்டர்தான். அவ்வளவு பெரிய சுற்றில் அது யாருக்கும் தெரியாது. 57 மீட்டர் சுற்றில் தெரியும். அங்கே வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் வேகமாகச் சுழன்றாக வேண்டும்.

மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் சக்கரங்கள் அச்சின் மேல் தனித்தனியாகச் சுழல்கின்றன. கடையாணி அவற்றைக் கழன்றுவிடாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான். மாடு இழுப்பது வண்டியை, சக்கரத்தைத் திருப்புவதில்லை. சக்தி அச்சு வழியாக வரத் தொடங்கியபோதுதான் பிரச்சினை பிறந்தது. இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கினால் திரும்ப மாட்டேன் என்கிறது. ஒரு சக்கரத்துக்கு மட்டும் சக்தி கொடுத்தால் வண்டி ஒருபக்கமாக இழுக்கிறது. 1820களின் இறுதியில் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர் நீராவி வண்டிக்காக ஒரு பற்சக்கர அமைப்பைக் கண்டுபிடித்தார். அது இரண்டு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையைக் கொடுக்கும், அதே சமயம் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடும். இன்றைக்கும் உங்கள் வீட்டுக் காரில், தெருவில் போகும் ஆட்டோவில் இருப்பது அடிப்படையில் அதுதான்.

சமமான முறுக்குவிசை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ரேஸ் காரில் அதுவே கழுத்தைப் பிடிக்கிறது. வேகமாகத் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. உள்சக்கரம் லேசாகிறது, பிடிமானத்தை இழக்கிறது. ஒரு கணக்குக்காக, உள்சக்கரம் 100 அலகு முறுக்குவிசையைத்தான் தாங்கும், வெளிச்சக்கரம் 400 தாங்கும் என்று வைப்போம். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் சமமாகத்தான் கொடுக்கும். ஆகவே 100, 100. மொத்தம் 200. வெளிச்சக்கரத்தில் இன்னும் 300 அலகுக்கு இடம் இருக்கிறது, பயனில்லை. ஆக்சிலரேட்டரை மேலும் மிதித்தால் உள்சக்கரம் சும்மா சுற்றிப் புகை விடும். 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் ரேஸ் கார்களில் இதே சிக்கல் வந்தது. சக்தி அதிகம், ஒரு பின்சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது. 1935-இல் இசட்எஃப் நிறுவனத்திடம் இதற்கு வழி கேட்டார்கள். ஓர் அளவுக்கு மேல் வழுக்க விடாத டிஃபரன்ஷியல் அப்படித்தான் ரேஸ் கார்களுக்குள் வந்தது.

லிமிடெட் ஸ்லிப் என்ற பெயரைக் கவனியுங்கள். வழுக்கலே இருக்காது என்று அது சொல்லவில்லை. வழுக்கல் வேண்டும், இல்லையென்றால் வளைவில் திரும்ப முடியாது. எவ்வளவு என்பதில்தான் பேச்சு.

*

மாணவர் அணியின் முன்னால் நாலு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே கைவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வழி, டிஃபரன்ஷியலே வேண்டாம் என்பது. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கிவிடலாம். இதற்கு ஸ்பூல் என்று பெயர். மலிவு, எடை குறைவு, உடைய அதிகம் இல்லை. நேர்கோட்டில் பாய்வதற்கு அருமை. வளைவில் கார் நேராகவே போகப் பார்க்கும், டயர் தேயும். கோ-கார்ட்டில் இதுதான் இருக்கிறதே, அது எப்படித் திரும்புகிறது என்று கேட்கலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் உள்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பும்படி கார்ட்டின் சட்டத்தை அமைத்திருப்பார்கள். ஸ்பூல் போட்டால் அந்தத் தூக்கலையும் சேர்த்து வடிவமைக்க வேண்டும்.

இரண்டாவது, சாதாரண டிஃபரன்ஷியல். பஜா போட்டிக்கு வண்டி கட்டும் அணிகள் பல, மகிந்திரா ஆல்பா சரக்கு ஆட்டோவின் கியர்பாக்ஸை டிஃபரன்ஷியலோடு அப்படியே எடுத்துப் பயன்படுத்துகின்றன. பழைய இரும்புக் கடை வரைக்கும் கிடைக்கிற பொருள். கைவிடும் இடம் மேலே பார்த்த 200.

மூன்றாவது, பற்சக்கரங்களின் உராய்வை வைத்தே வேலை செய்யும் வகை. வெர்னான் கிளீஸ்மன் என்ற அமெரிக்கர் 1958-இல் காப்புரிமை வாங்கிய வடிவம், டார்சன் என்ற பெயரில் புகழ்பெற்றது. மாணவர் கார்களுக்கென்றே அதில் ஒரு சிறிய வகை உண்டு. பிடிமானம் குறைந்த சக்கரம் தாங்குவதைப்போல இத்தனை மடங்கு மற்றதற்குக் கொடுப்பேன் என்பது இதன் கணக்கு. இரண்டரை மடங்கு என்று வைத்தால் 100, 250. மொத்தம் 350. எந்த அமைப்பும் மாற்ற வேண்டாம், தட்டுகள் தேயாது, அமைதியான ஆள். ஆனால் பெருக்கல் கணக்கில் ஒரு ஆபத்து இருக்கிறது. உள்சக்கரம் காற்றில் தூக்கிவிட்டால் அது தாங்குவது பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்ஜியம். அந்த நொடியில் இதற்கும் சாதாரண டிஃபரன்ஷியலுக்கும் அநேகமாக வித்தியாசமில்லை.

நான்காவது, கிளட்ச் தட்டுகள் வைத்த வகை. ஜெர்மனியின் ட்ரெக்ஸ்லர் நிறுவனம் இந்தப் போட்டிக் கார்களுக்கென்றே ஒன்று செய்கிறது. உள்ளே சாய்வுகள் வெட்டிய இரண்டு வளையங்கள் இருக்கும். எஞ்சின் தள்ளும்போது அவை விலகித் தட்டுகளை அழுத்தும். சாய்வின் கோணத்தை மாற்றினால் பூட்டு எவ்வளவு இறுக வேண்டும் என்பது மாறும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு கோணம், காலை எடுக்கும்போது வேறு கோணம் என்றும் வைக்கலாம். ஆரம்பத்திலேயே தட்டுகளின் மேல் கொஞ்சம் அழுத்தம் வைத்துவிடலாம்; இது முன்சுமை. சக்கரம் காற்றில் தூக்கினாலும் அந்த முன்சுமை அளவுக்காவது மற்ற சக்கரத்துக்கு விசை போய்ச் சேரும். கைவிடும் இடம்? முன்சுமை கூடினால் வளைவுக்குள் நுழையும்போது மூக்கு வெளியே தள்ளும். தட்டு தேயும். கோணங்களைச் சோதித்துப் பார்க்க ஓடுதளமும் டயரும் நாட்களும் வேண்டும். விலை லட்சக்கணக்கில், சுங்கவரி தனி.

நாலில் எது நல்லது என்று கேட்டால் பதில் கிடையாது. எதை எங்கே இழக்கத் தயாராக இருக்கிறோம் என்று கேட்டால் பேசத் தொடங்கலாம்.

*

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தலைமுறையில் இது வழக்கமான பாதை. சொந்த ஊர் ஆரணி. என் சித்தி பையன் வேறொரு மாவட்டத்தில் பொறியியல் படிக்கிறான். அவர்கள் கல்லூரி முதல்முறையாகக் கார் கட்டுகிறது. அணியின் பணக்கணக்கு இவன் கையில். போன வருஷம் ஒருநாள் செய்தி அனுப்பினான்: "அண்ணா, ட்ரெக்ஸ்லர் வாங்கலாம்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டாங்க. நான் கையெழுத்துப் போடணும். எல்லாரும் அதைத்தான் போடுறாங்க. போட்டுடவா?"

இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு பாகத்துக்குப் போகும். பணம் என்பது இங்கே ஸ்பான்சர் காசோலை மட்டும் இல்லை. ஒவ்வொருவரும் வீட்டில் கேட்டு வாங்கி வந்தது. இவன் அப்பா, என் சித்தப்பா, பட்டு நெய்கிறவர். சேலை தறியிலிருந்து இறங்கினால்தான் கூலி.

"எல்லாரும் அதைத்தான் போடுறாங்க" என்பதைச் சிரித்து ஒதுக்குவது சுலபம். செம்மறியாட்டு மந்தை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அது முட்டாள்தனமான காரணம் இல்லை. அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு வாதங்கள் இருக்கின்றன.

ஒன்று: அனுபவம் உள்ளவர்கள் யோசித்து எடுத்த முடிவு, புதிதாக வந்த நாங்கள் யோசித்து எடுப்பதைவிடச் சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு: எல்லாரிடமும் அதே பாகம் இருந்தால், கோளாறு வரும்போது கேட்பதற்கு ஆள் இருக்கும். மூன்று: தோற்றாலும் யாரும் எங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது நல்ல காரணம். மென்பொருளில் நாங்கள் தினமும் இதை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். பலர் பயன்படுத்தும் ஒன்றில் சிக்கல் வந்தால், அதே சிக்கலில் ஏற்கெனவே மாட்டியவர் எங்காவது இருப்பார். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது காரைப் பற்றிய காரணமே அல்ல, நம் பெயரைப் பற்றிய காரணம். பிரச்சினை என்னவென்றால், மூன்றுக்கும் ஒரே வாக்கியம். சொல்கிறவருக்கே தான் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் போகிற வசதி அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

முதல் வாதம்தான் கடினமானது. நமக்குத் தெரிந்தவற்றில் முக்கால்வாசி பிறர் சொல்லித் தெரிந்தவை. மருத்துவர் எழுதிய மாத்திரையை வேதியியல் படித்துவிட்டா விழுங்குகிறோம்? எல்லாவற்றையும் அடியிலிருந்து நானே கண்டுபிடிப்பேன் என்பவன் ஒரு காரைக்கூட முடிக்க மாட்டான். நம்பித்தான் ஆக வேண்டும்.

ஆனால் மருத்துவரை நம்புவதில் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் என் நாடியைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே மருத்துவர் எழுதிய மாத்திரையை எடுத்து நான் விழுங்கினால், அது மருத்துவரை நம்புவது ஆகாது. முன்னணி அணி தன் காருக்காக எடுத்த முடிவு, பக்கத்து வீட்டு மருந்துச் சீட்டு மாதிரி. அவர்கள் நோய்க்கு அது சரியாகவே இருந்திருக்கும். அவர்களிடம் பல வருஷத்துத் தரவுகள் இருக்கின்றன, சொந்தமாகச் சோதனை ஓட்டத்துக்கு இடம் இருக்கிறது, தேய்க்க டயர் இருக்கிறது. கோணத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க ஆள் இருக்கிறது. அந்தப் பாகத்தின் பலமே அதை மாற்றலாம் என்பதுதான். மாற்றிப் பார்க்க நாளில்லாத அணிக்கு அது பெட்டியில் வந்த கோணத்திலேயே கடைசி வரை ஓடும்.

அதாவது, பிறர் முடிவை எடுத்துக்கொண்டோம், அந்த முடிவுக்கு அவர்களைக் கொண்டுபோன நிலைமைகளை எடுத்துக்கொள்ளவில்லை. நம்பிக்கைக்கும் நகலெடுப்புக்கும் வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கிறேன். நம்புகிறவனால் யாரை, எந்த விஷயத்தில், எந்த எல்லை வரை என்று சொல்ல முடியும். நகலெடுப்பவனுக்கு அந்த எல்லை தெரியாது.

அவனுக்கு ஒரே ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்பினேன். "அது எங்கே தோற்கும்?"

*

அந்தக் கேள்வி பாடப்புத்தகத்திலிருந்து வந்ததில்லை. தறியிலிருந்து வந்தது.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரைத் தாண்டி, சேலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் உடலும் கரையும் ஒரே துணியாக, ஒரே நீளத்தில் இருக்கும். தறியில் அப்படி இல்லை. உடல் பகுதியின் நெசவு வேறு, சரிகையும் வேலைப்பாடும் ஏறும் கரையின் நெசவு வேறு. ஊடை இழைகளுக்கு மேலும் கீழுமாக மடிந்து போகும் விதம் மாறுவதால், ஒரு முழம் துணிக்கு இரண்டு இடத்திலும் ஒரே அளவு பாவு செலவாகாது. இரண்டையும் ஒரே உருளையில் சுற்றினால் போகப் போக ஒன்று தளரும், மற்றது விறைக்கும். வேலைப்பாட்டு இழைகளைத் தனியாகச் சுற்றி, தனி எடை தொங்கவிட்டு இழுவையைச் சரிசெய்வது அதனால்தான். இழுவை ஒரு அளவைத் தாண்டினால் எடை இணங்கிக் கொடுக்கும், அதுவரை பிடிக்கும். டிஃபரன்ஷியலின் அதே கேள்வி. ஒன்றாகப் போய்ச்சேர வேண்டிய இரண்டுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசத்தை அனுமதிப்பது?

கல்லூரி நாட்களில் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறேன், எடை எவ்வளவு வைக்க வேண்டும் என்று. எண்ணாகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "கூட வெச்சா இழை அறும். கொறச்சா கரை தளந்து துணியில சுருக்கம் வுழும். மழைக்காலத்துல ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி. பாத்துத்தான் வைக்கணும்" என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். "எங்கப்பா இப்படித்தான் வெச்சாரு."

கவனித்தால் அவருடையதும் நகலெடுப்பில்தான் தொடங்கியது. அப்பா வைத்தார், இவரும் வைத்தார். கைவினை மரபு என்றால் புனிதம், கடையில் வாங்கினால் அடிமைத்தனம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அந்த மரபின் கூலி என்னவென்று அந்தத் தெருவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து நாங்கள் இத்தனை பேர் பொறியியல் படிக்கப் போனதற்குக் காரணமும் அதுதான். நான் பார்ப்பது அவர் பதிலின் வடிவத்தை. எது சரியான எடை என்று கேட்டால், அவர் இரண்டு பக்கமும் தவறு எப்படி வரும் என்று சொன்னார். கூடினால் இது, குறைந்தால் இது. வேறொருவர் வைத்த எடை, இழைகள் அறுந்து அறுந்து, அவருடைய எடையாக மாறியிருக்கிறது.

ஒரு தேர்வு எங்கே தோற்கும் என்று சொல்லத் தெரிந்தால்தான் அது நம்முடைய தேர்வு. அதன் நன்மைகளைச் சொல்லத் தெரிவது போதாது. நன்மைகளை விற்பவரே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்.

*

இது ஏன் அறம் சார்ந்த விஷயம்? தெரியாமல் வாங்கினால் என்ன, பணம் போகும், பாடம் கிடைக்கும் என்று விடலாமே?

தன் பணத்தில், தன் உடம்பை வைத்துச் செய்கிறவர் அப்படி விடலாம். இங்கே முடிவெடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறு, காருக்குள் உட்காருபவர் வேறு. பிறர் சார்பாக முடிவெடுக்கிறவருக்கு, அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காரணம் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. காரணம் என்றால் அந்தப் பிறரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணம். "எல்லாரும்" என்ற சொல்லை எடைபோட முடியாது. "இந்தப் பாகத்துக்கு இவ்வளவு போனால் டயருக்கும் ஓட்டிப் பார்ப்பதற்கும் இவ்வளவுதான் மிஞ்சும், அதனால் இந்த இடத்தில் நேரம் இழப்போம், அந்த இடத்தில் மீட்போம்" என்று சொன்னால் எதிர்த்துப் பேசலாம். எதிர்த்துப் பேச இடம் வைப்பதுதான் பிறரை மதிப்பது.

திருக்குறளில் 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. அதைத் தொடர்ந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வரிசை. செயலை யோசி, பலத்தைப் பார், நேரத்தைப் பார், இடத்தைப் பார். வலியறிதலில் வண்டியின் அச்சு முறிவது ஓர் உவமையாக வருகிறது என்பது கார் கட்டுகிறவர்களுக்குப் பிடிக்கும். அரசனுக்குச் சொன்னவை இவை. அரசனும் பிறர் பொருளையும் பிறர் உயிரையும் வைத்து முடிவெடுக்கிறவன்தான்.

கரி ஸ்பீட்வேக்குப் பெயர் கொடுத்த கரிவர்தனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கோவையின் ஜவுளி ஆலைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். 1980களின் இறுதியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரில் இருந்தது மாருதி 800-இன் எஞ்சின். மூன்று சிலிண்டர், 796 சிசி, காய்கறி வாங்கப் போகும் காருடையது. அன்றைய உலக ரேஸ் கார்களை நகலெடுத்திருந்தால் அந்த எஞ்சின் பக்கமே போயிருக்க முடியாது. வேகத்தில் அது எங்கே தோற்கும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். பதிலுக்கு, நாட்டில் எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், பழுது பார்க்க ஆள் கிடைக்கும். கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் உட்பட பலர் அந்த வகைக் காரில் ஓட்டிப் பழகித்தான் மேலே போனார்கள்.

*

இந்தக் கேள்வி இன்னும் கொஞ்ச நாளில் இல்லாமல் போய்விடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மின்சார ரேஸ் கார்களில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனி மோட்டார் வைத்துவிடலாம். அச்சு இல்லை, டிஃபரன்ஷியல் இல்லை. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு முறுக்குவிசை என்பதை ஸ்டீயரிங் கோணத்தையும் கார் திரும்பும் வேகத்தையும் பார்த்து ஒரு நிரல் நொடிக்குப் பலமுறை முடிவு செய்யும்.

இது என் தொழில் என்பதால் சொல்கிறேன்: கேள்வி போகாது, இடம் மாறும். கிளட்ச் வகையில் கோணத்தை மாற்ற டிஃபரன்ஷியலைக் கழற்ற வேண்டும், கையில் எண்ணெய் படும், அரை நாள் போகும். அந்த அரை நாளில் எதற்காக மாற்றுகிறோம் என்று ஒருமுறையாவது யோசிப்போம். நிரலில் ஒரு எண்ணை மாற்ற இரண்டு விநாடி. யாரோ எழுதிவைத்த தொடக்க மதிப்பு, யாரும் தொடாமலே வருஷக்கணக்கில் ஓடும். அதையும் யாரோ எங்கிருந்தோ நகலெடுத்திருப்பார்கள். "இந்த எண் ஏன் 0.7?" என்று கேட்டால், எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். மாற்றுவது சுலபமாக ஆக ஆக, காரணம் கேட்கும் பழக்கத்தை நாம் தனியாக முயன்று வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படி யாரும் தொடாத தொடக்க மதிப்புகள் நம் வாழ்க்கையில் எத்தனை! எந்தப் படிப்பு, எந்த ஊர், எப்போது கல்யாணம், வீட்டுக்கடன் எத்தனை வருஷம். பெரும்பாலானவற்றை நாம் நகலெடுக்கிறோம், எடுத்தால் தப்பும் இல்லை. எல்லாவற்றையும் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பவரோடு ஒரு வேளை சாப்பாடுகூடச் சாப்பிட முடியாது. ஆனால் விலை பெரிதாக இருக்கிற இடத்தில், விலையைக் கொடுப்பது வேறொருவராக இருக்கிற இடத்தில், ஒருமுறையாவது கேட்டுவிடலாம்: இது எங்கே தோற்கும், தோற்றால் யாருக்கு வலிக்கும்?

*

சித்தி பையனிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பக்கம் வந்தது. அணி மறுபடி உட்கார்ந்து பேசியிருக்கிறது. நாலு வகையையும் எழுதி, பக்கத்தில் ஒவ்வொன்றும் எங்கே தோற்கும் என்று எழுதியிருந்தார்கள். ட்ரெக்ஸ்லருக்கு நேராக: "கோணத்தைச் சோதிக்க நமக்கு மொத்தமே மூன்று நாள் ஓடுதளம். வாங்கலாம், பயன்படுத்த முடியாது." ஸ்பூலுக்கு நேராக: "சட்டத்தை மறுபடி வடிவமைக்க வேண்டும். நேரம் இல்லை."

கடைசியில் பற்சக்கர வகையை எடுத்தார்கள். மின்சாரக் காருக்கு மாறிவிட்ட வேறொரு கல்லூரி அணியிடம் பழையது ஒன்று சும்மா கிடந்தது. அதை எடுத்ததோடு வேலை முடியவில்லை. உள்சக்கரம் தூக்கினால் அது கைவிடும் என்பதால், வளைவில் அந்தச் சக்கரம் தரையிலேயே இருக்கும்படி பின்பக்கச் சாய்வுத் தடுப்புக் கம்பியை மெலிதாக்கினார்கள். அதனால் முன்பக்கத்தையும் மாற்ற வேண்டி வந்தது. பின்னால் பார்த்தபடி ஒரு கேமரா பொருத்தினார்கள். மிஞ்சிய பணம் ஒரு செட் டயருக்குப் போனது.

இது சிறந்த முடிவா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நன்றாகச் சோதிக்க முடிந்திருந்தால் கிளட்ச் வகை அவர்களுக்கு இன்னும் வேகம் கொடுத்திருக்கலாம். ஆனால் யார் கேட்டாலும் இந்த முடிவைப் பற்றி அவர்களால் பேச முடியும், அது தவறு என்று யாரும் நிரூபிக்கவும் முடியும். அந்தப் பக்கத்தின் அடியில் இப்படி எழுதியிருந்தது: "எட்டு வடிவப் பாதையில் கேமராவைப் பார். உள்சக்கரம் தரையை விட்டால் நாம் எடுத்த முடிவு தவறு."